"நாணயம்" என்றால் சரியாக என்ன? கடன் படிவத்தில் ஒரே ஒரு வரி

சேலத்துக்காரி:

வணக்கம். நான் ஒரு பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் எழுத்தராக வேலை செய்கிறேன். எங்கள் கடன் விண்ணப்பத்தைப் புதிதாக அச்சடிக்கப் போகிறோம். பழைய படிவத்தை அடித்து, நடையைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

பழைய படிவத்தில், ஜாமீன்தாரர் நிரப்பும் பக்கத்தில், இப்படி ஒரு வரி இருக்கிறது: "மனுதாரரின் நாணயம் பற்றி ஜாமீன்தாரர் அறிந்தது". பக்கத்தில் ஒரு கோடு. அதை "மனுதாரரின் கடன் தகுதி" என்று மாற்றச் சொல்லியிருக்கிறார் செயலாளர். மாற்றி அடித்துப் பார்த்தேன். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பழைய கட்டுகளை எடுத்து, அந்தக் கோட்டில் ஆட்கள் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். பெரும்பாலும் "நல்லது", "குறை ஒன்றும் இல்லை" என்று இருக்கிறது. சில இடங்களில் "சொன்ன தேதி தவறாதவர்". ஒரே ஒரு படிவத்தில் ஊதா மையில், எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதிய கையெழுத்தில்: "எனக்கு 11 வருசமாகத் தெரியும். கொடுத்தால் வரும்."

இந்த "கொடுத்தால் வரும்" என்பதைக் கடன் தகுதி என்ற தலைப்பின் கீழ் ஒருவர் எழுதுவாரா? கடன் தகுதி என்றால் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்றுதான் எழுதுவார். அப்படியானால் நாணயம் வேறு, கடன் தகுதி வேறா? நாணயம் என்பது நேர்மையா, திருப்பிக் கொடுக்கும் சக்தியா? அப்புறம், காசுக்கும் இந்தக் குணத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

நாவன்மை:

சகோதரி, இது நா + நயம். நாவிலே நயம், அதாவது சொன்ன சொல் மாறாமை. காசுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. எங்கள் தமிழாசிரியர் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். பட்டிமன்றங்களிலும் நிறையக் கேட்டிருக்கிறேன்.

சொல்வேர்:

நாவன்மை அவர்களுக்கு, உங்கள் ஆசிரியர் சொன்னது கருத்தாக அழகு. ஆனால் சொல்லின் பிறப்பு அது இல்லை. நா என்பதோடு நயம் சேர்ந்தால் நாநயம்தான். அங்கே ந ண ஆகாது. மேடையில் "நாநயமும் நாணயமும் சேர்ந்தவர்" என்று வரவேற்புரை சொல்வார்களே, அதிலேயே இரண்டும் இரண்டு சொல்லாகத்தானே நிற்கின்றன. நாணத்திலிருந்து, தப்பு செய்ய வெட்கப்படுவதிலிருந்து வந்தது என்றும் சிலர் சொல்வதுண்டு. அதற்கும் வழி இல்லை.

வடமொழியில் நாணகம் என்று ஒரு சொல் இருக்கிறது. முத்திரை இட்ட காசு என்று பொருள். குஷாண அரசர் கனிஷ்கர் காலத்துக் காசுகளில் நானா என்ற பெண் தெய்வத்தின் உருவமும் பெயரும் பொறித்திருக்கும், அந்தப் பெயரே காசுக்கு ஆகிவிட்டது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அது எப்படியோ இருக்கட்டும். நாணகத்தின் பிள்ளைகள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. மராத்தியில் நாணே என்றால் காசு. குஜராத்தியில் நாணும் என்றால் பணம். கன்னடத்தில் நாண்ய. மலையாளத்தில் நாணயமும் உண்டு, நாண்யமும் உண்டு. பணப்பயிரை அவர்கள் நாண்யவிள என்கிறார்கள். தெலுங்கில் நாணெம் என்றால் காசு. அதோடு நாண்யத என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதற்குப் பொருள் தரம். சரக்கின் தரத்தை இன்றைக்கும் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள்.

என் கணிப்பில் சேலத்துக்காரி கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. காசு, பிறகு நல்ல காசு, பிறகு நல்ல தரம், பிறகு தரமான மனிதர். என் பாட்டி "நாணயமான புடவை" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். விலை உயர்ந்த புடவையைச் சொன்னதில்லை. சாயம் போகாத, இழை விலகாத புடவையைச் சொல்வாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சொல் பழைய நூல்களில் வரும் இடத்திலேயே காசோடு கூடச் சோதனையும் வருகிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் காசு பார்ப்பவனுக்கு ஒரு விதி உண்டு. நல்ல காசைக் கள்ளக் காசு என்றோ கள்ளக் காசை நல்லது என்றோ சொன்னால் அவனுக்குத் தண்டம். நம் பக்கத்திலும் அந்தத் தொழில் இருந்தது. சங்கப் புலவர்களில் வடம வண்ணக்கன் தாமோதரனார் போல வண்ணக்கன் என்ற பட்டத்தோடு சிலர் இருக்கிறார்கள். வண்ணக்கன் என்றால் காசின் தரம் பார்ப்பவன். "நோட்டம் பார்க்கிறான்" என்று இன்று பேசுகிறோமே, நோட்டம் என்பதும் காசு பார்க்கும் தொழிலின் சொல்தான்.

என் தாத்தா மளிகைக்கடை வைத்திருந்தவர். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் பலகை கிடக்கும். யார் வெள்ளி ரூபாய் கொடுத்தாலும் அதன்மேல் ஒருமுறை போட்டு, காதைச் சாய்த்து, ஓசை நீண்டு அடங்குகிறதா என்று கேட்பாராம். 1940க்கு முந்தைய ரூபாயில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. அதற்குப் பிறகு வந்ததில் பாதிதான் வெள்ளி, ஓசையே மாறிவிட்டது என்பாராம். மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் "போட்டுப் பார்த்தாச்சு, நல்ல ரூபாய்" என்பது அவர் வழக்கு என்று அப்பா சொல்வார்.

மண்டித்தெரு:

ஈரோட்டில் 30 வருடமாக நூல், துணி வியாபாரம். எனக்கு வேர்ச்சொல் தெரியாது, வழக்கு தெரியும். அதைச் சொல்கிறேன்.

புதிதாக ஒருவர் வந்து கடனுக்குச் சரக்கு கேட்டால் நாங்கள் முதலில் செய்வது, அவர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிற கடைக்குப் போன் போடுவதுதான். "பார்ட்டி எப்படி?" அவ்வளவுதான் கேள்வி. பதில் நான்கைந்து விதமாக வரும். "பேமெண்ட் சுத்தம்." "இழுப்பார், ஆனால் வந்துவிடும்." "கொஞ்சம் கை இறுக்கமாக இருக்கிறார், பார்த்துக் கொடுங்கள்." "நான் ஒன்றும் சொல்லவில்லை." கடைசிப் பதில் வந்தால் சரக்கு கொடுக்க மாட்டோம்.

இதில் இரண்டாவது பதிலைப் பாருங்கள். இழுப்பார், வந்துவிடும். அவரை நாணயஸ்தர் என்று சொல்ல மாட்டோம், நாணயம் இல்லாதவர் என்றும் சொல்ல மாட்டோம். தேதி தவறுகிறார், பணம் தவறவில்லை.

நேர்மையும் நாணயமும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று இல்லை. எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவரே போன் செய்வார். "இந்த வாரமும் இல்லைங்க" என்பார். பொய் சொல்லத் தெரியாது, நம்பரை மாற்றவும் தெரியாது. அவர் நேர்மையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த லோடு அவருக்குப் போகாது. நேர்மை வாயோடு நிற்கலாம், நாணயம் கை வரைக்கும் வர வேண்டும்.

கைச்சுத்தம் இன்னொன்று. கல்லாவில் பத்து ரூபாய் தொடாத பையன், ஆனால் கூட வேலை பார்க்கிறவனிடம் கைமாத்து வாங்கினால் திருப்பித் தர மாட்டான். கைச்சுத்தம் உண்டு, நாணயம் இல்லை. வசதியும் வேறுதான். மூன்று மில் வைத்திருக்கிறவரிடம் 18,000 ரூபாய்க்கு எட்டு மாதம் அலைந்திருக்கிறேன். எங்கள் வீதியில் டீ கொண்டுவருகிறவர் மாசம் முதல் தேதி பால் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அதனால் உங்கள் செயலாளருக்குச் சொல்லுங்கள்: கடன் தகுதி என்றால் கொடுக்க முடிகிறவர். நாணயம் என்றால் கொடுக்கிறவர்.

புதுநடை:

எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் கடன் செயலி ஒன்றில் வேலை செய்கிறேன். நாணயம் என்று நீங்கள் சொல்வதைத்தானே சிபில் ஸ்கோர் அளக்கிறது? 300 முதல் 900 வரை எண். வாங்கிய கடனைத் தேதி தவறாமல் கட்டினாயா என்பதுதான் அதில் பெரிய பங்கு. மண்டித்தெரு அண்ணா போன் போட்டுக் கேட்பதை நாங்கள் கம்ப்யூட்டரில் கேட்கிறோம். சொல் மாறலாம், பொருள் அதேதான்.

ஓய்வுபெற்ற காசாளர்:

புதுநடை தம்பிக்கு, நீங்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு தையல்காரர். எங்கள் கிளையில் 14 வருடம் கணக்கு வைத்திருந்தார். தினசரிச் சேமிப்புக்கு வருகிற ஏஜெண்டிடம் ஒருநாள்கூட "நாளைக்கு வா" என்று சொன்னதில்லை. வீட்டு வாடகை, கடை வாடகை, துணிக்கடைக்காரர் பாக்கி எல்லாம் தேதிக்குத் தேதி. வாழ்க்கையில் ஒரு வங்கிக் கடனும் வாங்கியதில்லை, "கடன் வாங்காமல் இருப்பதே நாணயம்" என்று வளர்ந்தவர். இரண்டு பவர் மெஷின் வாங்க 2 லட்சம் கேட்டு வந்தார். ஸ்கோர் எடுத்தோம். மைனஸ் 1 என்று வந்தது. கடன் வரலாறே இல்லை என்று அதற்குப் பொருள். அந்தத் தாளை அவர் கையில் வாங்கிப் பார்த்து, "சார், எனக்கு எதுக்கு மைனஸ் போட்டிருக்கு, நான் யாருக்குப் பாக்கி?" என்று கேட்டார். முகம் செத்துப்போயிருந்தது. விளக்கிச் சொன்னேன். சமாதானம் ஆனாரா என்று தெரியாது.

கடைசியில் மனைவியின் வளையலை வைத்து ஒரு சின்ன நகைக்கடன் வாங்கச் சொல்லி, அதை ஒழுங்காகக் கட்டவைத்து, ஏழெட்டு மாதம் கழித்து ஸ்கோர் வந்த பிறகு மெஷின் கடன் கொடுத்தோம். தேவையே இல்லாத ஒரு கடன், நாணயத்தைக் காட்டுவதற்காக!

வங்கிப் பயிற்சியில் எங்களுக்கு மூன்று சொல்லிக் கொடுத்தார்கள்: ஆளின் குணம், கட்டும் சக்தி, ஈடு. குணத்துக்கு நேரான தமிழ்ச் சொல் நாணயம்தான். சேலத்துக்காரி சொல்லும் கடன் தகுதி என்பது மூன்றையும் போட்டுக் கலக்கியது.

இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லையே. நீங்கள் வேலை பார்க்கிற சங்கத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது அம்மா. சிக்கன நாணயச் சங்கம். ஆங்கிலப் பெயரில் கிரெடிட் என்று இருக்கிற இடத்தில் தமிழில் நாணயம் வைத்திருக்கிறார்கள். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்து, செங்கல்பட்டு ஜில்லா திரூரில் முதல் சங்கம் தொடங்கியது. இந்தச் சங்கங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் கடன் என்று வைத்திருக்கலாம், நாணயம் என்று வைத்தார்கள். சொத்தை ஈடு வைக்க முடியாதவன், பக்கத்து நிலத்துக்காரன் சொல்லும் ஒரு வார்த்தையை ஈடாக வைத்து வாங்கலாம் என்பதுதானே சங்கத்தின் அடிப்படையே. கடன் என்றால் பாரம். நாணயம் என்றால் அந்தப் பாரத்தைத் தூக்குகிறவனின் மதிப்பு.

வழக்குரை:

நீதிமன்றப் பக்கத்திலிருந்து கொஞ்சம். அரசாங்கத்துக்கு நாணயம் தெரியாது. ஒப்பந்ததாரர் ஒருவர் பணத்தில் நம்பத்தக்கவரா என்று தெரிய வேண்டுமானால் தாசில்தார் கொடுப்பது சொத்து மதிப்புச் சான்றிதழ். நிலம், வீடு, வில்லங்கம் பார்த்து ஒரு தொகை எழுதிக் கொடுப்பார். ஆளைப் பற்றி அதில் ஒரு சொல் இருக்காது.

முறிந்து போனவரைச் சொல்ல நமக்கு மூன்று சொல் இருக்கிறது. மூன்றும் மூன்று நிறம். திவால் என்றால் கணக்குத் தீர்ந்தது, அவ்வளவுதான். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான், ஐ.பி. போட்டுவிட்டான் என்றால் கூடவே ஒரு வசை இருக்கும். இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதைத்தான் ஐ.பி. என்கிறார்கள். சென்னைக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். 1920 சட்டப்படி 500 ரூபாய்க் கடன் இருந்தாலே ஒருவர் மனு போடலாம் என்பது இன்று படிக்கும்போது ஆச்சரியமாக இருக்கும். நீதிமன்றம் விடுவித்துவிட்டால் பழைய பாக்கிகளில் பெரும்பாலானவற்றைச் சட்டப்படி கேட்க முடியாது. 2016இல் புதிய சட்டம் வந்தாலும் சாதாரணத் தனிமனிதர்களுக்கு நடைமுறையில் பழைய சட்டங்கள்தான்.

மூன்றாவது சொல், நொடித்துப் போனார். அதில் வசையே கிடையாது. மழை பொய்த்து, நூல் விலை ஏறி, வீட்டில் நோய் வந்து விழுந்தவர். நொடித்துப் போனவருக்கு நாணயம் போய்விட்டதா என்று இங்கே யாராவது சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும். சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை.

வடமராட்சி:

நல்ல கேள்வி. எங்கட இலங்கைப் பக்கத்தில் திவால் என்று சொல்ல மாட்டோம், வங்குரோத்து என்போம். 2022 ஏப்ரலில் நாட்டின் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியபோது பத்திரிகை, வானொலி எல்லாவற்றிலும் அந்தச் சொல்தான்.

நாணயம் என்ற சொல்லை நாங்கள் அரச அலுவல்களில் அதிகம் பாவிக்கிறோம். மத்திய வங்கியை நடத்தியது நாணயச் சபை. வட்டியைத் தீர்மானிப்பது நாணயக் கொள்கை. கடன் தந்தது சர்வதேச நாணய நிதியம். சிங்கப்பூரிலும் நாணய ஆணையம் என்று இருக்கிறது. ஆனால் இதெல்லாம் காசு என்ற பொருளில்தான். குணம் என்ற பொருளில் கேட்டது சீட்டில்தான். என் அம்மா ஊரில் சீட்டுப் பிடித்தவர். முதல் மாதமே கழித்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, கடைசி மாதம் வரைக்கும் நாள் தவறாமல் காசு கொண்டுவந்து தருபவரைத்தான் "நாணயமான மனுசன்" என்பா. கடைசிச் சீட்டை எடுப்பவர் ஒழுங்காகக் கட்டுவதில் என்ன இருக்கு, அவரின்ர காசு இன்னும் எங்களிடம்தானே இருக்கு என்பா.

அந்த அளவுகோல் எனக்கு இன்றைக்கும் சரியாகப் படுகிறது. கையில் வந்த பிறகு கட்டுவது.

மண்டித்தெரு:

வழக்குரை சார் கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991 தை மாதம் ஒரு தறிக்காரர் எங்கள் அப்பாவிடம் 40,000 ரூபாய் வாங்கினார். புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடமே நூல் விலையில் அடிபட்டு, தறியை ஒவ்வொன்றாக விற்று, கடைசியில் இன்னொருவர் தறியில் கூலிக்கு ஓட்ட ஆரம்பித்தார். எல்லோரும் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடு. கொடுக்கவில்லை.

புரோநோட்டுக்கு மூன்று வருடம்தான் ஆயுள் என்று இங்கே பலருக்குத் தெரியும். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் நோட்டு காலாவதி. ஆனால் கெடு முடிவதற்குள் கடன்காரர் ஒரு சிறு தொகை கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். வழக்கமாக இதற்காகக் கொடுத்தவர்தான் வாங்கியவர் வீட்டுக்கு அலைவார். வாங்கியவர் ஒளிந்துகொள்வார்.

1993 மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம் அவர் சைக்கிளில் வந்தார். எனக்கு அப்போது 16 வயது, கடையில் இருந்தேன். "நோட்டை எடுங்க" என்றார். அப்பா, பணம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து எடுத்தார். அவர் நோட்டைத் திருப்பி வைத்து, என் பேனாவை வாங்கி, "இன்று வரவு ரூ. 50" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து ஐந்து பத்து ரூபாய்த் தாள். அப்பா "இதெல்லாம் எதுக்குங்க, நான் கேட்டேனா?" என்றார். "இல்லைங்க, தேதி போயிடக் கூடாது" என்றார் அவர். டீகூடக் குடிக்கவில்லை.

1996 கார்த்திகையில் மறுபடி வந்தார். 1999 ஐப்பசியில் மறுபடி. ஒவ்வொரு தடவையும் 50 ரூபாய். தனக்கு எதிரான பத்திரத்துக்குத் தானே உயிர் ஊற்றிவிட்டுப் போனார். 2001இல் மகன் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு அசல் முழுவதும் கொண்டுவந்தார். வட்டிக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அப்பா பாதிதான் வாங்கிக்கொண்டார். நோட்டைக் குறுக்கே கிழித்து அவர் கையில் கொடுத்தபோது, பின்பக்கம் அந்த மூன்று வரவும் என் பேனாவின் நீல மையில் இருந்ததை நான் பார்த்தேன்.

1992இலேயே மார்க்கெட்டில் அவர் பேர் கெட்டுவிட்டது. யாரும் அவருக்கு ஒரு கோன் நூல் கடன் கொடுக்க மாட்டார்கள். நாணயம் கெடவில்லை. பேர் ஊர் கொடுப்பது, நாணயம் அவர் வைத்திருந்தது.

புதுநடை:

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பணம் பத்து வருடம் இல்லாமல் போனதே. அவருக்கும் கட்ட வேண்டிய இடங்கள் இருந்திருக்குமே. தறிக்காரரின் நாணயம் உங்கள் வீட்டுக்கு என்ன செய்தது?

மண்டித்தெரு:

சரியான கேள்வி, தப்பாக எடுக்கவில்லை. 1995இல் அக்கா கல்யாணத்துக்கு அம்மாவின் ஆறு பவுன் சங்கிலியை விற்றோம். அந்த 40,000 இருந்திருந்தால் விற்றிருக்க மாட்டோம். அம்மா அதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வரவு எழுதிவிட்டுப் போனதால் சங்கிலி திரும்பி வரவில்லை. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. நாணயத்தை வைத்து அரிசி வாங்க முடியாது, உண்மைதான். ஆனால் அப்பா அதற்குப் பிறகும் மற்றவர்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்த மூன்று வரவைப் பார்க்காமல் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

குழுத்தலைவி:

நான் ஒரு பக்கம் சொல்ல வேண்டும், யாரும் சொல்லவில்லை. இங்கே வந்த நாணயஸ்தர்கள் எல்லோரும் ஆண்கள். என் அம்மாயி ஊரில் பத்துப் பதினைந்து வீட்டுப் பணத்தை, நகையைத் துணியில் முடிந்து முடிந்து வைத்திருப்பாள். முடிச்சு ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்கு ஒரு பொருள்: ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் சட்டைப் பொத்தான், ஒன்றில் மஞ்சள் துண்டு. படிக்கத் தெரியாது, ஒரு முடிச்சும் மாறியதில்லை. அவளை யாரும் நாணயஸ்தர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அந்தம்மாகிட்ட கொடுத்தா கொடுத்த மாதிரி இருக்கும்" என்பார்கள். குணம் அதேதான். பட்டம்தான் கிடைக்கவில்லை.

1989இல் அப்போது தர்மபுரி மாவட்டமாக இருந்த எங்கள் பக்கம்தான் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. கொஞ்ச வருடத்தில் நானும் சேர்ந்தேன். ஈடு கொடுக்க எங்கள் பெயரில் ஒரு சென்ட் இடம் இல்லை. ஒருத்திக்கு ஒருத்தி சொன்ன சொல்தான் ஈடு. ஆனால் அதிலேயே ஒரு வலியும் பார்த்தேன். நாணயம் என்பது தெரிந்தவர் சொன்னால்தான் இருக்கும். புதிதாக ஊருக்கு வந்தவள், எங்கள் தெருவுக்கு அந்தப்பக்கம் இருப்பவள், கணவனை விட்டு வந்தவள், இவர்களுக்காக வாய் திறக்க ஆள் இருக்காது. அவளிடம் நாணயம் இல்லாமல் இல்லை, அதைப் பார்த்த கண் இல்லை. அந்த விஷயத்தில் தம்பி சொல்லும் எண்ணுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அது எந்தத் தெரு என்று கேட்காது.

அதனால் சேலத்துக்காரி, அந்த வரியை எடுக்காதீர்கள். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பியும் கடனை மறுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்:

குழுத்தலைவி அம்மா சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. ஊரே நம்பிய பேர் என்பதும் ஆபத்துதான். 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. அத்தனை பேரும் பேரைப் பார்த்துப் போட்டவர்கள். அந்த அடியிலிருந்துதான் 1907இல் வி. கிருஷ்ணசாமி அய்யர் போன்றவர்கள் முன்னின்று இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். மண்டித்தெரு பேர் வேறு, நாணயம் வேறு என்றாரே, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

சொல்வேர்:

வண்ணக்கன் காசைத் தட்டிப் பார்க்காமல் ராஜமுத்திரையை மட்டும் பார்த்தால் எப்படியோ, அப்படி.

நாவன்மை:

நா நயம் என்று நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். "தேதி போயிடக் கூடாது" என்ற வரியை இன்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

சேலத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இழையை அப்படியே அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வந்தார். முடிவு இது. மனுதாரர் பக்கத்தில் "கடன் தகுதி" என்று ஒரு பகுதி வரும். சம்பளம், பிடித்தம், நிலுவை எல்லாம் அங்கே. ஜாமீன்தாரர் பக்கத்தில் பழைய வரி பழையபடியே இருக்கும். அதற்குக் கீழே குழுத்தலைவி அக்கா சொன்னதற்காக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "ஜாமீன்தாரர் இதை நிரப்பாவிட்டாலும் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்."

கோட்டை மட்டும் கொஞ்சம் நீளமாக்கச் சொல்லியிருக்கிறேன், இரண்டு வாக்கியம் எழுத இடம் இருக்கட்டும் என்று.

கடைசியாக ஒரு சந்தேகம். எங்கள் பெயர்ப் பலகையில் "நாணய சங்கம்" என்று ஒற்று இல்லாமல் இருக்கிறது. படிவத்தின் தலைப்பில் ச் போடலாமா?

சொல்வேர்:

போடுங்கள். நாணயச் சங்கம்.